புத்தகம் எண்ணான கதை – 5: ஒன்பது இலக்கங்களும் ஒரு காவலாளியும்

கிடங்கு தயாராகிக்கொண்டிருந்தது. புத்தகங்கள்தான் தயாராக இல்லை.

போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான். ஆண்டு 1965. பிரிட்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரியான டபிள்யூ.எச். ஸ்மித், இன்னும் இரண்டே ஆண்டில் தன் சரக்கையெல்லாம் ஸ்விண்டன் நகரத்தில் கட்டும் புதுக் கிடங்குக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டது. அங்கே இருப்புக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்க்கும்.

பழைய கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவிடம் ‘அந்தப் பச்சை அட்டை, போன மாசம் வந்ததே’ என்றால் போதும், நேரே போய் எடுத்துவந்து கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டரிடம் அது நடக்காது. ஒரே தலைப்பில் மூன்று பேர் எழுதியிருப்பார்கள். ஒரே புத்தகம் கெட்டி அட்டையிலும் சாதா அட்டையிலும் வெவ்வேறு விலைக்கு வரும். இரண்டாம் பதிப்பில் பக்கம் கூடியிருக்கும். இவற்றைப் பிரித்தறிய அந்த இயந்திரத்துக்கு ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு எந்தப் புத்தகத்துக்கும் இல்லாத ஓர் எண் வேண்டும்.

எண் போடுவது பெரிய காரியமா என்று தோன்றலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனால் என்ன? யார் போடுவது என்பதில்தான் சிக்கல். ஒரு கடை போட்டால் மற்றக் கடைக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான பதிப்பகங்கள் தனித்தனியே போட்டால் ஒரே எண் பத்துப் புத்தகத்துக்கு வந்து நிற்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து போட்டால், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அந்த ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்.

புத்தகத் தொழிலில் இருந்தவர்கள் ஒரு கணிதக்காரரைத் தேடிப்போனார்கள். அவர் பெயர் கார்டன் ஃபாஸ்டர். அயர்லாந்துக்காரர், லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் இருந்த புள்ளியியல் அறிஞர். வரிசையில் நிற்கும் கூட்டம் எப்போது கட்டுக்குள் இருக்கும், எப்போது நீண்டுகொண்டே போகும் என்று ஆராயும் கணிதத்தில் அவர் பெயரால் ஒரு தேற்றமே உண்டு. புத்தகங்களின் வரிசையை இப்போது அவர் கையில் கொடுத்தார்கள். 1966-இல் அவருடைய அறிக்கை வந்தது.

ஒன்பது இலக்கம் போதும் என்றார் ஃபாஸ்டர். முன்பகுதி பதிப்பகத்தைக் குறிக்கும். அதை மட்டும் ஒரு பொது அலுவலகம் கொடுக்கும். அடுத்த பகுதி அந்தப் பதிப்பகத்தின் புத்தகத்தைக் குறிக்கும். அதைப் பதிப்பகமே தன் மேஜையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே உள்ள கோடு நகரும். பெங்குவின் மாதிரி பெரிய பதிப்பகத்துக்கு 14 என்று இரண்டே இலக்கம். அதற்குப் பிறகு ஆறு இலக்கம் மிச்சம் இருக்கிறது, பத்து லட்சம் புத்தகம் வரை போடலாம். வருஷத்துக்கு ஒரு கவிதைத் தொகுப்பு போடும் சின்னப் பதிப்பாளருக்கு ஏழு இலக்க அடையாளம், பத்தே புத்தகம். பெரிய வீட்டுக்குச் சின்னக் கதவெண், சின்ன வீட்டுக்கு நீளமான கதவெண். ஆனால் எல்லா வீடும் ஒரே தெருவில் இருக்கிறது. யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவில் இடம் ஒதுக்கி வீணாக்காத இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

எட்டு இலக்கம் ஆயிற்று. ஒன்பதாவது எதற்கு?

அது காவலாளி.



1966-இல் இந்த எண்ணை இயந்திரம் படிக்காது. மனிதர்தான் பார்த்து, மனிதர்தான் தட்ட வேண்டும். மனிதக் கை எப்படித் தவறும் என்று ஃபாஸ்டருக்குத் தெரியும். பெரும்பாலும் இரண்டு விதம்: ஓர் இலக்கத்துக்குப் பதில் வேறொன்றைத் தட்டுவோம், அல்லது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டுவோம். இந்த இரண்டு தவறில் எது நடந்தாலும் கடைசி இலக்கம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பத்து இலக்க வடிவத்திலேயே பார்ப்போம். எண் 0-306-40615-2. முதல் இலக்கத்தைப் பத்தால் பெருக்குங்கள், அடுத்ததை ஒன்பதால், அதற்கடுத்ததை எட்டால், இப்படியே இறங்கி ஒன்பதாவது இலக்கத்தை இரண்டால். 0, 27, 0, 42, 24, 0, 24, 3, 10. கூட்டினால் 130. கடைசி 2-ஐயும் சேர்த்தால் 132. பதினொன்றால் வகுத்தால் சரியாகப் பன்னிரண்டு முறை போகிறது, மீதி இல்லை. எண் உள்ளே போகலாம்.

இப்போது தூக்கக் கலக்கத்தில் 6-ஐயும் 1-ஐயும் மாற்றி 40165 என்று தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மறுபடி பெருக்கிக் கூட்டினால் 127. பதினொன்றால் வகுபடாது. காவலாளி கம்பை நீட்டிவிட்டார்.

ஏன் பதினொன்று? அது பகா எண். அதோடு பத்தைவிடப் பெரியது. அதனால் மேலே சொன்ன இரண்டு வகைத் தவறுகளில் ஒன்றுகூட அதன் கண்ணிலிருந்து தப்பாது. ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். பதினொன்றால் வகுத்தால் சில சமயம் கடைசி இடத்துக்குப் ‘பத்து’ தேவைப்படும். ஒற்றை இடத்தில் பத்தை எப்படி எழுதுவது? ரோமானியர்களிடம் கடன் வாங்கி ‘எக்ஸ்’ போட்டார்கள்.

எங்கள் பகுதி வாசகசாலையில் சில வருஷம் முன்பு புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலை நடந்தது. உதவிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் காட்டி, “சார், இது எக்ஸ்னு முடியுது. அச்சுப் பிழையா இருக்குமோ?” என்று கேட்டாள். அதுவரை அப்படிப்பட்ட புத்தகங்களை எல்லாம் ‘எண் தவறு’ என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தாள். இருபதுக்கும் மேல் சேர்ந்திருந்தது. எல்லாம் நல்ல எண்கள். அந்த மாலை இரண்டு பேரும் டீ ஆறுவது தெரியாமல் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றால் வகுத்து மீதி வராதபோதெல்லாம் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1967-இல் பிரிட்டனில் ஒன்பது இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. எஸ்பிஎன், அதாவது ஸ்டாண்டர்டு புக் நம்பர் என்று பெயர். அங்கே டேவிட் விட்டேக்கர், அமெரிக்காவில் எமரி கோல்ட்டாய் என்று இரண்டு பேர் இதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார்கள். உலகமும் கேட்டது. 1970-இல் சர்வதேசத் தரமானது. எஸ்பிஎன்னுக்கு முன்னால் இன்டர்நேஷனலின் ‘ஐ’ சேர்ந்து ஐஎஸ்பிஎன் ஆயிற்று. எண்ணுக்கு முன்னாலும் ஓர் அடையாளம் சேர்ந்தது: ஆங்கிலத்துக்கு 0, பிறகு 1-ம், பிரெஞ்சுக்கு 2, ஜெர்மனுக்கு 3. இந்தியாவுக்கு 81, அது நிரம்பிவந்தபோது 93. இலங்கைக்கு 955. ஒரு தமிழ் நாவல் சென்னையில் அச்சானால் ஓர் எண்ணின் கீழும் கொழும்பில் அச்சானால் வேறோர் எண்ணின் கீழும் வருகிறது. மொழியால் பிரிந்த எண்கள் சில, நாட்டால் பிரிந்தவை பல. தமிழ் இரண்டாம் வகையில் விழுந்தது.

முன்னால் ஓர் இலக்கம் சேர்ந்ததே, அதற்கு முன்பே அச்சான பிரிட்டிஷ் புத்தகங்களின் காவலாளி எண்ணெல்லாம் மாறிப்போகாதா? மாறவில்லை. பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஒரு புத்தகத்தைக்கூடத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் தட்டுவதற்கு இன்னும் விரல்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் புத்தகம் வந்தால் பத்தாயிரம் தட்டல். அந்த விரல்களுக்கு விடுதலை எங்கிருந்து வரப்போகிறது?

அது ஏற்கெனவே வந்து, விற்கப்பட்டு, மறக்கப்பட்டும் போயிருந்தது. ஒரு கடற்கரையில்.



1949 ஜனவரி, மியாமி கடற்கரை. நாற்காலியில் ஓர் இளைஞர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஜோ உட்லண்ட், வயது 27. ஃபிலடெல்ஃபியாவில் டிரெக்ஸல் கல்லூரியில் இருந்தவர். தாத்தாவின் வீட்டில் வந்து தங்கிக்கொண்டு ஒரே கேள்வியைப் பல மாதமாக மனசில் உருட்டிக்கொண்டிருக்கிறார்.

கேள்வியைக் கொண்டுவந்தவர் அவருடைய நண்பர் பெர்னார்ட் சில்வர். மளிகைக் கடைச் சங்கிலி ஒன்றின் தலைவர் கல்லூரி டீனைப் பார்க்க வந்தார். கல்லாவில் சாமானின் விவரத்தைத் தானாகப் படிக்க ஒரு வழி கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். டீன் முடியாது என்று அனுப்பிவிட்டார். இதைக் காதில் வாங்கிய சில்வர் ஓடிப்போய் உட்லண்டிடம் சொன்னார்.

சாமானின் மேல் ஏதோ ஒரு குறி இருக்க வேண்டும். உட்லண்டுக்குத் தெரிந்த குறியெழுத்து ஒன்றே ஒன்றுதான்: சாரணர் படையில் சிறுவனாக இருந்தபோது படித்த மோர்ஸ், தந்தியின் கட்டு-கடா. மணலில் நான்கு விரல்களை ஊன்றினார். எதற்கென்று தெரியாமலே தன்னை நோக்கி இழுத்தார். நான்கு கோடுகள். புள்ளியும் சிறுகோடும் நீண்டு மெல்லிய கோடாகவும் தடித்த கோடாகவும் மணலில் கிடந்தன. விரலை எடுக்காமல் அவற்றை அப்படியே சுற்றி வளைத்து வட்டமாக்கினார். வட்டமாக இருந்தால் எந்தப் பக்கமிருந்தும் படிக்கலாமே!

நண்பர்கள் இருவரும் அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று காப்புரிமைக்கு எழுதினார்கள். 1952 அக்டோபர் 7 அன்று கிடைத்தது. ஒரு கருவியும் செய்தார்கள். மேஜை அளவு பெட்டி, உள்ளே 500 வாட் பல்பு. வெளிச்சத்தில் கோட்டைப் படிக்க முடிந்தது. சூட்டில் காகிதம் புகைந்தது. அந்த வேலைக்குத் தேவைப்பட்ட லேசர் பிறக்க 1960 வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றார்கள். 1963-இல் சில்வர் இறந்துபோனார். வயது 38. தன் கோடுகளை ஒரு கடையிலாவது யாராவது படித்து அவர் பார்க்கவில்லை. 1969-இல் காப்புரிமையும் காலாவதியாயிற்று.

உட்லண்ட் மட்டும் விடவில்லை. ஐபிஎம்மில் சேர்ந்திருந்தார். அதே நிறுவனத்தில் ஜார்ஜ் லாரர் என்ற பொறியாளரிடம் இந்த வேலை வந்தபோது வட்டம் கைவிடப்பட்டது. காரணம் அச்சகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஓடுகிற காகிதத்தில் மை ஓடுகிற திசையில் கொஞ்சம் இழுபடும். வட்டம் இழுபட்டால் படிக்க முடியாது. நேர்கோட்டை அதன் நீளவாக்கிலேயே ஓடவிட்டால், மை இழுபட்டால் கோடு இன்னும் கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான். தடிமன் மாறாது. மியாமி மணலில் விரல் முதலில் இழுத்த வடிவத்துக்கே கதை திரும்பி வந்தது.

1974 ஜூன் 26, ஒஹையோ மாநிலம் டிராய் என்ற சிற்றூர். காலை எட்டு மணி ஒரு நிமிஷம். மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்ளி சூயிங்கம் கட்டு கண்ணாடி மேல் நகர்ந்தது. பீப். 67 சென்ட்.

சூயிங்கம்முக்கு வந்தது புத்தகத்துக்கு வராதா? வந்தது. வந்த இடத்தில் ஒரு விசித்திரமான கேள்வி குறுக்கே நின்றது: புத்தகம் எந்த நாட்டுச் சாமான்?



1977-இல் ஐரோப்பியர்கள் தங்கள் கோட்டுமுறையைப் பதின்மூன்று இலக்கமாக அமைத்தார்கள். அதில் முதல் இரண்டு மூன்று இலக்கம், எண்ணைக் கொடுத்த நாட்டைக் காட்டும். இந்தியச் சாமான்களில் 890 என்று இருப்பதைப் பிஸ்கட் பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். புத்தகத்துக்கு ஏற்கெனவே தன் எண் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு நாட்டெண்ணும் வேறொரு சாமான் எண்ணும் போட்டால் ஒரு புத்தகத்துக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். இத்தனை பாடுபட்டது வீண்.

அதனால் உலக வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கினார்கள். அதன் எண் 978. பெயர் ‘புக்லேண்ட்’. புத்தக நாடு. எந்த ஊரில் அச்சானாலும் கல்லாவில் இருக்கும் இயந்திரத்தைப் பொறுத்தவரை புத்தகங்கள் எல்லாம் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகின்றன. வணிகத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் ஒவ்வொரு முறை 978 என்று பார்க்கும்போதும் யாரோ ஒரு கவிஞர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாரோ என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அந்த நாட்டுக்குள் நுழையும்போது பழைய காவலாளியை வாசலிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. பதின்மூன்று இலக்க முறையில் பதினொன்றால் வகுக்கும் பழக்கம் கிடையாது. ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றிப் பெருக்கிப் பத்தால் வகுப்பார்கள். எக்ஸ் தேவையில்லை, எல்லாம் இலக்கமே. நம்முடைய எண் இப்போது 978-0-306-40615-7. கடைசி 2 போய் 7 வந்துவிட்டது.

முன்பு செய்த அதே தவறை மறுபடி செய்வோம். 6-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றுவோம். சரியான எண்ணில் முதல் பன்னிரண்டு இலக்கங்களின் கூட்டல் 93. பத்தின் அடுத்த மடங்குக்கு 7 வேண்டும். மாற்றிய எண்ணில் 83. அதற்கும் 7 வேண்டும்! தவறான எண் தலைநிமிர்ந்து உள்ளே போகிறது. ஐந்து வித்தியாசமுள்ள இலக்கங்கள், 1-உம் 6-உம், 2-உம் 7-உம், 3-உம் 8-உம் பக்கத்தில் இருந்து இடம் மாறினால் புதுக் காவலாளிக்குத் தெரியாது. ஃபாஸ்டரின் காவலாளி பிடித்திருப்பார்.

2007 ஜனவரி 1 முதல் பதின்மூன்றே புத்தகத்தின் அதிகாரபூர்வமான எண்ணாயிற்று. லேசர் படிக்கும்போது இலக்கம் இடம் மாறாது, ஆகவே நஷ்டமில்லை என்பது நியாயமான வாதம். ஆனால் விலைச்சீட்டைக் கோடுகளின் மேலேயே ஒட்டி விற்ற புத்தகம், பைண்டிங் செய்யும்போது பின்னட்டை போய்விட்ட புத்தகம், இவையெல்லாம் நூலகத்தில் கையால்தான் தட்டப்படுகின்றன. எங்கள் வாசகசாலையில் அப்படித் தட்டிய ஓர் எண் இதே மாதிரி 7-உம் 2-உம் இடம் மாறி, சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டு, ஒரு புத்தகம் ஏழு மாசம் பட்டியலில் இருந்தும் தேடலில் கிடைக்காமல் இருந்தது. பழைய எண்ணும் அச்சில் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது கேட்லாக் வேலை செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்.

சரி, இப்போது ஸ்கேனரைப் புத்தகத்தின் முதுகுப்பக்கம் நீட்டுகிறோம். சிவப்புக் கோடு விழுகிறது. பீப். திரையில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள் எல்லாம் வந்து உட்காருகின்றன. முதல் முறை பார்க்கிறவர்கள் கோட்டுக்குள்ளேயே அவ்வளவும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கோட்டுக்குள் இருப்பது பதின்மூன்று இலக்கம் மட்டும். அப்படியானால் தலைப்பு எங்கிருந்து வந்தது?



இதற்கு மறுபடி 1965-க்குப் போக வேண்டும். லண்டன் கலங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். ஹென்ரியட் ஆவ்ரம், வயது 45. நூலகவியல் படித்தவர் அல்லர். தேசியப் பாதுகாப்பு முகமையில் ஐபிஎம் 701 என்ற ஆதிகாலக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதியவர்.

கேட்லாக் கார்டைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க வேண்டும் என்பது அவருக்கு வந்த வேலை. அந்தச் சின்னக் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கொஞ்சம் இடப்பக்கம் ஒரு பெயர் இருந்தால் ஆசிரியர் என்று நம் கண் சொல்லிவிடும். கீழே தள்ளி ஆரம்பித்தால் தலைப்பு. ஊர், காற்புள்ளி, ஆண்டு. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். இயந்திரத்துக்கோ எல்லாம் ஒரே எழுத்துச் சரம். ‘சென்னை’ என்பது அச்சான ஊரா, தலைப்பில் உள்ள சொல்லா, ஆராயும் பொருளா?

ஆவ்ரம் அம்மையார் கேட்லாக் போடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கார்டிலும் எதை ஏன் அங்கே எழுதுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தார். 100 என்றால் ஆசிரியர். 245 என்றால் தலைப்பு. 260 என்றால் ஊரும் பதிப்பகமும் ஆண்டும். 650 பொருள். 020 என்ற பெட்டிக்குள் பின்னால் வந்து உட்கார்ந்தது நம் ஐஎஸ்பிஎன். மார்க் என்பது இந்த முறையின் பெயர். 1966 கடைசியில் பதினாறு நூலகங்களில் சோதனை தொடங்கியது. 1969-இல் காந்த நாடாக்கள் முறையாக எல்லோருக்கும் போக ஆரம்பித்தன. அரை நூற்றாண்டு தாண்டியும் இன்றைக்கும் உலக நூலகங்கள் பெரும்பாலும் அந்த எண்களில்தான் பேசுகின்றன. கேட்லாக் போடும் நூலகரிடம் ‘இருநூற்று நாற்பத்தைந்து’ என்று சொல்லிப் பாருங்கள், தலைப்பா என்று கேட்பார்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துக்கொள்வது அடுத்த படி. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் கம்ப்யூட்டர் இணைப்பில் உட்கார்ந்து முதன்முதலாகக் கேட்லாக் போட்டது. ஃபிரெட் கில்கோர் கட்டிய ஓசிஎல்சி வலை அது. அன்று ஒரே நாளில் 133 புத்தகம். அதே ஒஹையோவில்தான் மூன்று ஆண்டுக்குள் சூயிங்கம் பீப் என்றது. எண், கோடு, பதிவு என்று மூன்று நதிகளும் பக்கத்தில் வந்துவிட்டன. ஆனாலும் ஓசிஎல்சியின் இயந்திரம் அன்று செய்த வேலை என்ன? கார்டு அச்சடித்தது! நூலகங்கள் கார்டைத்தானே கேட்டன. அந்த வலையிலிருந்து கடைசிக் கார்டு அச்சாகி வந்தது 2015 அக்டோபரில்.

பின்னால் வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். நியூசிலாந்தின் ஒரு கிராமப்புற நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓட ஆரம்பித்த கோஹா என்ற மென்பொருள், இன்று நம் கல்லூரி நூலகங்கள் வரை வந்துவிட்டது. 2004-இல் டெலிஷியஸ் லைப்ரரி என்ற மென்பொருள், வீட்டுக் கம்ப்யூட்டரின் கேமராவையே ஸ்கேனர் ஆக்கியது. 2005-இல் வீட்டுப் புத்தகங்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங் இணையதளம். 2006-இல் ஜோட்டெரோ: ஆய்வு மாணவர் ஐஎஸ்பிஎன்னைப் போட்டால் அடிக்குறிப்புக்கு வேண்டியதெல்லாம் வந்து நிற்கும். இவை எதுவும் புத்தகத்தைப் படிப்பதில்லை. எண்ணை எடுத்துக்கொண்டு ஓடி, எங்கோ ஒரு கடையின் பட்டியலையோ, ஆவ்ரம் பிரித்த பெட்டிகளில் இருக்கும் நூலகப் பதிவையோ தட்டி எடுத்துவருகின்றன. அந்தப் பெட்டியை நிரப்ப யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்து, தலைப்புப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, தட்டியிருக்கிறார். அவருக்குப் பெயர் கிடையாது. ஆனால் அவர் தட்டவில்லை என்றால் பீப் மட்டும்தான் கேட்கும்.

எங்கள் வாசகசாலையில் அதுதான் நடந்தது. ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு மணி நேரத்தில் அறுபது எழுபது ஏறின. தமிழ் ரேக்குக்கு வந்தோம். பீப். பதிவு இல்லை. அடுத்தது, பீப். பதிவு இல்லை. எண் இருக்கிறது, கோடு இருக்கிறது, யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஒரு வியப்பு. 1960-களில் அச்சான, எண்ணே இல்லாத தமிழ் நாவல் ஒன்றைத் தலைப்பை வைத்துத் தேடினோம், வாஷிங்டனில் கிடைத்தது! அமெரிக்கக் கோதுமையை இந்தியா ரூபாயில் வாங்கிய காலம் அது. ‘பி.எல். 480’ என்று நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கிக் கப்பலேற்றியது. ரேஷன் கடையில் நம்மவர்கள் நின்ற வரிசைக்குப் பதிலாகத் தமிழ் நாவல் சிகாகோவுக்கும் வாஷிங்டனுக்கும் போய், அங்கே யாரோ அதற்குப் பதிவு எழுதினார்கள். தமிழெழுத்தில் அல்ல, ரோமன் எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் வைத்து. ழகரம் எது, ளகரம் எது என்று அந்தப் புள்ளியை வைத்துக் கண்டுபிடித்து, அந்த மாணவி தமிழில் திரும்பத் தட்டினாள்.

அப்புறம் அதுவும் கிடைக்காத புத்தகங்கள். 1950-களின் ஒரு சித்த வைத்திய நூல். முன்னட்டை இல்லை, எண் இல்லை, கோடு இல்லை, எந்த ஊரிலும் பதிவு இல்லை. எல்லாவற்றையும் கையால் தட்டி முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“சார், இத எந்த ரேக்ல வைக்கிறது?”

நான் கையிலிருந்த வேறொரு புதுப் புத்தகத்தின் பதின்மூன்று இலக்கத்தைப் பார்த்தேன். யார் வெளியிட்டது என்று அது சொல்கிறது. அவர்களுடைய எந்தப் புத்தகம் என்று சொல்கிறது. தட்டியது சரிதானா என்றுகூடச் சொல்கிறது. புத்தகம் எதைப் பற்றியது? அதில் ஒரு வார்த்தை இல்லை. மருத்துவமா, தாவரமா, செய்யுளா? ஃபாஸ்டரின் எண் அதைச் சொல்லப் பிறந்ததே இல்லை.

அதைச் சொல்லும் எண்ணுக்காக, ஃபாஸ்டருக்கு நாற்பது வருஷம் முன்பே, இன்னொரு கணிதக்காரர் தவித்துக்கொண்டிருந்தார். சீர்காழிக்காரர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக உட்காரவைக்கப்பட்டு, அந்த அமைதி தாங்காமல், என்னைக் கல்லூரிக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிரசிடென்சி கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி முடித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

லண்டனில் ஒரு நாள் செல்ஃபிரிட்ஜஸ் கடையில், பிள்ளைகளுக்கான மெக்கானோ பொம்மைத் தொகுப்பு ஒன்றின் முன்னால் சியாளி ராமாமிருத ரங்கநாதன் நின்றுவிட்டார். விற்பனையாளர் துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதே துண்டுகள், ஒரு முறை வண்டி, ஒரு முறை பாலம்.

ரங்கநாதனின் கண் தகடுகளில் இல்லை. திருகாணியில் இருந்தது.

(தொடரும்)